கண்ணுக்கு வாய்த்தோல்

புதுப்பட்டி எல்லையைத் தாண்டியபோது என் இடது கண் முழுவதும் மூடிக்கொண்டது. வலது கண்ணால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். சட்டையில் மேல் இரண்டு பொத்தான்கள் இல்லை. வாயில் ஊறிய ரத்தத்தை அவ்வப்போது ஓரமாகத் துப்பினேன். எதிரே கம்பெனி வேன்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தன. ஜன்னலோரம் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவர்களைத் தொட்டுக் காட்டினார்கள். காலை எட்டு மணிகூட ஆகவில்லை. குடித்துவிட்டு அடி வாங்குகிற நேரம் இல்லை அது. அதனால்தான் அப்படிப் பார்த்தார்கள்.

அடித்தவர் நான் அண்ணன் என்று கூப்பிடும் மனிதர். கூடப் பிறந்தவர் இல்லை. பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் இரண்டு வருஷம் என்னோடு வேலை செய்தவர். இப்போது அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அன்று காலை முதல் பஸ்ஸில் அவர் தன் மனைவியோடு, நான் மதினி என்று கூப்பிடுகிறவளோடு, கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே அவர் வாயைத் திறந்து காட்ட வேண்டும். வாய் சரியாக இருந்தால் கண்ணுக்கு ஒரு வழி உண்டு. இல்லையென்றால் இல்லை. அவர் போனாரா, என்னை அடித்த கையோடு கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டாரா என்று தெரியாமல் நடந்துகொண்டிருந்தேன். திரும்பிப் போய்ப் பார்க்கவும் முடியாது. வாசலில் கால் வைத்தால் அரிவாளை எடுப்பேன் என்று சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிறவர்.

நான் ஏழாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். போர்வெல் லாரியில் ஆந்திரா வரை போயிருக்கிறேன். சாயப்பட்டறையில் நின்று கால் வெந்திருக்கிறது. கேரளாவில் குவாரியில் கல் உடைத்தேன். எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. ஒரு நாள் காலையில் எழுந்ததும் அந்த ஊர் சலித்துவிடும், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். புதுப்பட்டியில் இரண்டு வருஷம் நின்றது அண்ணனால்தான். அவர் வேலை வாங்கும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் படுத்துக்கொண்டேன்.

மருந்து அறைக்கு நான்கு பக்கமும் கதவு இருக்கும். தரையில் ரப்பர் விரிப்பு. இரும்பு கூடாது, செருப்பு கூடாது, நைலான் சட்டை கூடாது. கேட்டில் மடியைத் தடவிப் பார்ப்பார்கள். பீடியோ தீப்பெட்டியோ இருந்தால் அன்றோடு வேலை முடிந்தது. வாயில் இருப்பதை யாரும் கேட்பதில்லை. அதனால் அந்தக் கம்பெனியில் பீடி குடிக்கும் ஆண் ஒருவனும் இல்லை, புகையிலை அடக்காத ஆணும் ஒருவன் இல்லை. அண்ணனுக்கு இடது கடைவாயில் எப்போதும் ஓர் உருண்டை இருக்கும். தூங்கும்போதும் இருக்கும் என்று மதினி சொல்வாள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விலக்கு தண்ணீர். அலுமினியப் பவுடர் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகச் சூடேறும். அப்புறம் எந்த நிமிஷம் தீப்பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மழை இறங்கினால் கலப்பதில்லை. நான் சேர்ந்த முதல் வாரம் கை கழுவிவிட்டுத் துடைக்காமல் உள்ளே வந்துவிட்டேன். அண்ணன் எழுந்து வந்து காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார். நான் திருப்பி அவர் நெஞ்சில் குத்தினேன். இருவரும் கட்டிப் புரண்டு வெளியே போய் விழுந்தோம். போர்மேன் ஓடி வந்து விலக்கினார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் தன் புகையிலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். ஈரக் கையோடு பிறகு நான் உள்ளே போனதே இல்லை. அந்த அறை என் மண்டைக்குள் அப்படி இறங்கியிருந்தது.

அண்ணன் கண் போன அன்று தீப்பிடித்தது பெரிய மருந்து இல்லை. ஒரு சல்லடை அளவுதான் இருக்கும். நான் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு எதிர்க் கதவுக்கு வந்துகொண்டிருந்தேன். வெடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஈரப் போர்வையை உதறியது போல ஒரு சத்தம், ஒரு வெள்ளை வெளிச்சம், அதற்குப் பிறகு புகை. அண்ணன் தன் காலாலேயே நடந்து வெளியே வந்தார். புருவம் இல்லை. முழங்கைக்குக் கீழே தோல் கழன்று தொங்கியது. இரண்டு கண்ணும் விரியத் திறந்திருந்தன. உள்ளே வெள்ளி பூசியது போல மருந்து அப்பியிருந்தது.

“எரியுதுலே” என்றார். அந்த ஒரு வார்த்தைதான். அடுத்து வந்தது அலறல்.

ராக்கெட் அறையில் வேலை செய்யும் ஒரு பெண் குடத்தோடு ஓடி வந்தாள். முகத்தில் ஊற்றக் குடத்தைச் சாய்த்தாள். நான் குடத்தை உதைத்தேன். அது அவள் முழங்காலில் பட்டு, குடத்தோடு அவளும் விழுந்தாள். மருந்து மேல தண்ணி படக்கூடாது, மூஞ்சி வெடிச்சிரும் என்று கத்தினேன். அவரை மல்லாக்கத் தள்ளி நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தேன். வெந்த கைகளை என் முழங்கால்களால் அமுக்கிக்கொண்டு, காய்ந்த துண்டால் அவர் கண்களைத் துடைத்தேன். அழுத்தித் துடைத்தேன். அவர் என் தொடையைப் பிறாண்டினார். யாரோ விளக்கெண்ணெய் கொண்டுவந்தார்கள். அதையும் ஊற்றினேன். சுற்றி இருபது பேர் நின்றார்கள். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. விழுந்து கிடந்த அந்தப் பெண்ணே எழுந்து உட்கார்ந்து, நல்லவேளை, நான் புத்தி கெட்டு ஊத்தப் போனேன் என்று சொன்னாள்.

லோடு ஆட்டோ வந்து சிவகாசி போய்ச் சேர அரை மணிக்கு மேல் ஆனது. அங்கே வயதான ஒரு நர்ஸ் என்னைத் தள்ளிவிட்டுவிட்டுப் பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணீரை அவர் கண்ணில் ஓடவிட்டாள். ஏன் அங்கேயே தண்ணீர் ஊற்றவில்லை என்று கேட்டாள். மருந்து வெடித்துவிடும் என்று நான் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை, என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“கண்ணுக்குள்ள விளுந்த மருந்து வெடிக்காதுய்யா. கண்ணுதான் வேகும்.”

கைத்தோல் இரண்டு மாதத்தில் ஆறியது. கண் ஆறவில்லை. கருவிழி இருந்த இடத்தில் பால் திரிந்தது போல ஒரு வெள்ளை படர்ந்தது. அதன் மேல் வேர் ஓடுவது போலச் சிவப்பு நரம்புகள் நாலா பக்கமிருந்தும் ஏறின. வெளிச்சம் இருட்டு மட்டும் தெரிந்தது. நாங்கள் பார்க்காத ஆஸ்பத்திரி இல்லை. கடைசியாக இரண்டு பஸ் மாறிப் போகிற ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெயர் வேண்டாம். மதினி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் அவரைப் பிடித்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் அவர் எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டே வந்தார். படி இருக்கிறது என்றால் எத்தனை படி என்று சொல்லத் தெரியாதா என்பார். எண்ணிச் சொன்னால் என்னைக் குருடன் என்று ஊருக்குச் சொல்கிறாயா என்பார்.

அங்கே ஒரு பெண் டாக்டர். வயதில் என்னைவிடச் சின்னவராக இருக்கலாம். அவர் ஒரு தாளில் வட்டம் போட்டு எனக்கும் மதினிக்கும் காட்டினார். அண்ணனுக்கு வாயால் சொன்னார்.

“கருவிழிக்கு மேல ஒரு மெல்லிய தோல் இருக்கு. அது தினமும் தேயும். கருவிழியோட ஓரத்துல நாத்தங்கால் மாதிரி ஒரு வளையம் இருக்கு, அங்கிருந்துதான் புதுசா வளர்ந்து வரும். உங்களுக்கு ரெண்டு கண்ணுலயும் அந்த நாத்தங்கால் வெந்துபோச்சு. அதான் நரம்பு உள்ள ஏறுது.”

இறந்தவர்கள் கண்ணை எடுத்து வைக்கலாமே என்று மதினி கேட்டாள். நாற்றங்கால் இல்லாமல் வேறு கருவிழி வைத்துத் தைத்தாலும் அது நிற்காது என்றார் டாக்டர். ஒரு கண் நன்றாக இருந்தால் அதன் ஓரத்திலிருந்து துளி எடுத்து இந்தக் கண்ணில் வளர்க்கலாம், அதில் பலருக்குப் பார்வை வந்திருக்கிறது. இரண்டும் போனவர்களுக்கு என்ன செய்யலாம் என்றுதான் அவர்கள் இப்போது பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னத்தின் உள்பக்கத் தோலில் துளி கிள்ளி எடுப்பார்கள். பிரசவத்தில் வரும் பனிக்குடச் சவ்வின் மேல் அதை வைத்துத் தனி அறையில் இரண்டு வாரத்துக்கு மேல் வளர்ப்பார்கள். பாய் மாதிரி விரிந்து வளர்ந்ததும் கண்ணை மூடியிருக்கும் நரம்புத் தோலைச் சுரண்டிவிட்டு அங்கே விரிப்பார்கள். இது இன்னும் ஆராய்ச்சிதான். பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பிடித்தாலும் பழைய பார்வை வராது, ஆள் நடமாட்டம் தெரியலாம், அதற்கு மேல் வந்தால் லாபம். வேண்டாம் என்று நினைத்தால் எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். இதையெல்லாம் அவர் இரண்டு தடவை சொன்னார். இரண்டாம் தடவை எங்களையே திருப்பிச் சொல்லச் சொன்னார்.

அண்ணன் நாக்கால் இடது கடைவாயைத் துழாவினார். அப்புறம் கேட்டார்.

“வாய்த்தோலக் கண்ணுல வச்சா, கண்ணு போயிலை கேக்குமா டாக்டரம்மா?”

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே வாயைத் திறக்கச் சொன்னார். சிரிப்பு நின்றது. விரலை நெட்டுக்குத்தாக வைத்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் மூன்று விரல் போகவேண்டும் என்றார். அண்ணனுக்கு இரண்டு விரல்கூட இறுக்கமாகத்தான் போனது. கன்னத்தின் உள்ளே இடது பக்கம் வெளுத்து, தோல் பட்டை பட்டையாக வரிந்திருந்தது. இந்தத் தோல் வளராது, இப்படியே எடுத்தால் வாயும் புண்ணாகும் என்றார். வலது பக்கம் பரவாயில்லை. மூன்று மாதம் வாயில் புகையிலை, பாக்கு எதுவும் படக்கூடாது. வாய் திறக்கப் பயிற்சி செய்ய வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பார்த்துவிட்டு, வலது கன்னம் தேறியிருந்தால் எடுப்பார்கள்.

வெளியே ஒரு பெண் விவரம் எழுதிக்கொண்டிருந்தாள். என்ன வேலை, என்ன மருந்து, எந்தெந்த ஆஸ்பத்திரி என்று வரிசையாகக் கேட்டாள். பிறகு, கண்ணில் மருந்து பட்டதும் முதலில் என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டாள். அண்ணன் தனக்கு ஒன்றும் நினைவில்லை, தான் கத்திக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள்.

உடனே ஊற்றிவிட்டோம் என்று சொன்னேன்.

அவள் எழுதிக்கொண்டாள். எழுதியபின் கண்ணின் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, உடனே ஊற்றியும் இவ்வளவு ஆழமாக வெந்திருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதையும் ஓரத்தில் எழுதினாள். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

அந்த மூன்று மாதம் போல நான் சண்டை போட்டதில்லை. குவாரியில்கூட இல்லை.

முதல் நான்கு நாள் அவர் தலையைச் சுவரில் முட்டினார். ஐந்தாம் நாள் கடைவாயில் ஏதோ அடக்கியிருந்ததைப் பார்த்தேன். துப்பச் சொன்னேன். வெறும் எச்சில் என்றார். தாடையைப் பிடித்து அமுக்கி விரலை உள்ளே விட்டுத் தோண்டினேன். உருண்டை வந்தது. வருவதற்குள் அவர் என் ஆட்காட்டி விரலை எலும்பு வரை கடித்துவிட்டார். நான் இடது கையால் அவர் காதைத் திருகினேன், அவர் விடவில்லை. மதினி வந்து அவர் மூக்கைப் பொத்தினாள், மூச்சு முட்டியதும்தான் வாய் திறந்தது. அந்த விரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது.

இன்னொரு நாள் சோற்றுத் தட்டை வீசினார். அது மதினியின் கன்னத்தில் பட்டுக் கிழித்தது. அவள் பகலெல்லாம் கம்பெனியில் வெடிக்குழாய் ஒட்டிவிட்டு வந்து பொங்கிய சோறு. விளக்குமாற்றை எடுத்தாள். தலை, தோள், முதுகு என்று பார்க்காமல் அடித்தாள். அவர் கைகளால் மறைத்துக்கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கினார்.

“கண்ணு வந்தப்பெறகு திருப்பி அடிங்க. இப்ப வாங்கிக்கங்க” என்றாள்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. கன்னத்து ரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு சிதறிய சோற்றை அள்ளினாள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போகவில்லை. அது எனக்கான இடம் இல்லை.

புகையிலைப் பொட்டலம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் மிட்டாய் பாட்டிலுக்குப் பின்னால் வைத்துக் கொடுக்கிறார். அண்ணன் சுவரைத் தடவிக்கொண்டே கடை வரை போய்விடுகிறார். நான் போய் மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

“ஏலே, கண்ணு போன மனுசனுக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கப் பாக்கியே, நீயெல்லாம் சோறுதான் திங்கியா?”

நான் பாட்டில்களைத் தரையில் தள்ளினேன். வரிசையாக எல்லாவற்றையும் தள்ளினேன். அவர் தராசின் படிக்கல்லை எடுத்து எறிந்தார். அது என் தோள்பட்டை எலும்பில் பட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பத்து நாள் அந்தக் கையைத் தூக்க முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் அண்ணனுக்குப் பொட்டலம் கொடுக்கவில்லை. என்னைக் கல்லால் அடித்துவிட்ட கூச்சமா, பாட்டில் போன பயமா, தெரியாது. அண்ணன் வந்து நின்றால் ஒரு கடலை மிட்டாயைக் கையில் திணித்து அனுப்பிவிடுவார். கடலை மிட்டாயைக் கடிக்கிற அளவுக்கு அண்ணன் வாய் திறக்காது. அதை நான் தின்றேன்.

வாய் திறக்கும் பயிற்சிக்கு ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல்லுக்கு நடுவில் சொருகி, தினமும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். புதுப்பட்டியில் ஐஸ் குச்சிக்கு எங்கே போவது? ராக்கெட் குச்சிக்குப் பஞ்சமில்லை. மதினி அவற்றை நறுக்கிச் செதுக்கி வெந்நீரில் போட்டு எடுத்து வைத்தாள். காலையும் மாலையும் நான் அவர் தலையை என் தொடையில் வைத்துக்கொண்டு குச்சிகளைச் சொருகுவேன். கடைசிக் குச்சி போகும்போது தாடை மூட்டில் சத்தம் கேட்கும். கன்னத்தில் உள்ளே கயிறு மாதிரி இருந்த தோல் இழுபட்டுக் கிழியும். ரத்தம் எச்சிலோடு வழியும். வெந்த கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும், அதுவும் எரியும். அந்த வாயோடு பேச முடியாது என்பதால் என் முதுகில் குத்துவார். எத்தனை குத்து என்று எண்ணிக்கொண்டிருப்பேன். குத்து குறைந்தால் இன்னொரு குச்சி தாங்குவார் என்று அர்த்தம்.

இரண்டு மாதம் முடிந்தபோது மூன்றாவது விரல் நகக்கண் வரை போனது. அன்று மூன்று பேரும் வெகு நேரம் சிரித்தோம். ஏன் என்று சொல்ல முடியாது.

மூன்று மாதம் முடிந்த அந்தக் காலை. மதினி விடியுமுன்பே குளித்துப் பையைத் தயார் செய்துவிட்டாள். நான் முகம் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் பிரிக்காத பொட்டலம் ஒன்று. பழைய மருந்துச் சட்டையின் பையில் என்றைக்கோ வைத்தது, இவ்வளவு நாளாக அது அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இன்னும் வாயில் போடவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். வரவில்லை என்றார். எதற்கு என்றேன். இருபது வருஷம் மருந்தோடு இருந்தவனை மருந்து ஒரு நாள் பார்த்துக்கொண்டது, அது எனக்கு எழுதியிருந்தது, எழுதினதை அழிக்க வாயில் குச்சியைச் சொருகிக்கொண்டு நான் ஏன் நாயாய்க் கிடக்க வேண்டும் என்று கேட்டார். குரல் சாதாரணமாக இருந்தது. கோபமாக இருந்திருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் அமைதியாகப் பொட்டலத்தின் ஓரத்தைப் பல்லால் கிழிக்கப் போனார்.

“எளுதினதும் இல்ல ஒண்ணும் இல்லண்ணே. தண்ணி கொண்டாந்தாக. நான்தான் கொடத்த எத்துனேன். ஒங்க மேல ஏறி உக்காந்து காஞ்ச துண்ட வச்சுத் தேச்சேன். அரை மணிக்கு மேல. அதான் இம்புட்டு வெந்துச்சு.”

மதினி பையைக் கீழே வைத்தாள். அண்ணன் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்தார். யார் தண்ணீர் கொண்டுவந்தது என்று கேட்டார். சொன்னேன். நான் கற்றுக்கொடுத்ததைத்தானே செய்தாய் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. அது என்னை மன்னித்தது போலவும் இருந்தது. நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் உடனே ஊற்றினோம் என்று பொய் சொல்லிவிட்டேன், அந்தப் பெண் அப்படியே எழுதிக்கொண்டாள் என்பதையும் சொன்னேன்.

அவர் கையை நீட்டி என் காலரைப் பிடித்தார்.

முதல் அடி கண்ணில் விழுந்தது. இரண்டாவது வாயில். மருந்து கலக்கும் கைக்கு அளவு தெரியும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் கையைத் தூக்கவில்லை. கீழே விழுந்தபின் முழங்காலை என் நெஞ்சில் வைத்து அமுக்கிக்கொண்டு அடித்தார். மதினி விலக்க வரவில்லை. பொத்தான்கள் தெறித்து ஓடிய சத்தம் எனக்குக் கேட்டது. அடிக்கு நடுவில்தான் பேசினார்.

“துண்ட வச்சுத் தேச்சதுக்கு இல்லலே இது. அந்தப் புள்ள எதுக்குக் கேக்குது? நாளைக்கு இன்னொருத்தன் மூஞ்சில பிடிக்கும். அவன் நெஞ்சுல எவனாவது ஏறி உக்காருவான். பொய்ய எளுத வச்சிட்டு வந்திருக்க.”

பிறகு எழுந்துகொண்டார். அரிவாள் பேச்சைச் சொன்னார். மூச்சிரைத்தது. சுவரைத் தடவிக் கதவுப் பக்கம் நின்று வழிவிட்டார். நான் கொட்டகைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது பார்த்தேன், பொட்டலம் கட்டிலின் மேல் அப்படியே கிடந்தது. முதல் பஸ் அதற்குள் போயிருந்தது. அடுத்த பஸ்ஸுக்குப் போவார்களா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

சிவகாசி வரை நடந்தேன். வெயில் ஏறிவிட்டது. டீக்கடையில் முகம் கழுவத் தண்ணீர் கேட்டேன், கடைக்காரர் சண்டை எதுவும் என் கடைக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கொடுத்தார். காகித உருளை ஏற்றிய ஒரு வேன் சாத்தூர் பக்கம் போனது. பின்னால் உருளைகளுக்கு நடுவே ஏறிப் படுத்துக்கொண்டேன். சாத்தூர் எதற்கு என்றால் அங்கே ரயில் உண்டு, பெரிய ரோடு உண்டு, வடக்கோ தெற்கோ போகலாம். அவ்வளவுதான் யோசித்தேன்.

சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. மதினி. நான் பேசுவதற்குள் அவளே பேசினாள்.

“தம்பி, எடுத்துட்டாக. வாயில மூணு வெரலும் போச்சு. வலது கன்னத்துல பட்டாணி அளவு கிள்ளி எடுத்து வளக்க அனுப்பிட்டாக. பேச முடியல அவுகளுக்கு. வாயில பஞ்சு.”

அடுத்த பஸ்ஸில் அவரே முன்னால் ஏறியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் வாயைக் காட்டுமுன்பே அந்த விவரம் எழுதும் பெண்ணைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். முன்னால் சொன்னது தப்பு, அரை மணிக்கு மேல் தண்ணீர் படவில்லை, எங்கள் கம்பெனியில் யாருக்குப் பட்டாலும் இப்படித்தான் செய்வோம், அதையும் எழுதுங்கள் என்று சொல்லி, எழுதியதை வாசிக்கவைத்துக் கேட்டிருக்கிறார். பொய் சொன்னதற்குத் அவரை ஆராய்ச்சியில் சேர்க்காமல் விட்டுவிடுவார்களோ என்று மதினி நடுங்கியிருக்கிறாள். டாக்டரே வந்து உட்கார்ந்து, வேறு யார் யாருக்கு இப்படி ஆனது, அவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டாராம். அண்ணன் ஒன்பது பேரைச் சொன்னாராம்.

வளருமா என்று கேட்டேன். இரண்டு வாரம் போகாமல் அவர்களுக்கே தெரியாதாம். வளரவில்லை என்றால் இன்னொரு தடவை எடுக்க வலது கன்னத்தில் இடம் இருக்கிறதாம்.

என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

“வர வேணாம்னு சொல்லச் சொன்னாக. கண்ணு வந்தாலும் வர வேணாமாம், வரலைன்னாலும் வர வேணாமாம்.”

சரி மதினி என்றேன். சாப்பிட்டீகளா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று சொன்னேன்.

மறுநாள் காலை பெரிய ரோட்டோரம் ஒரு பட்டாசுக் குடோன் வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். சீசன் லோடு, வடக்கே போகிற லாரி, இரண்டு ஆள் வரவில்லை. மேஸ்திரி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். என் முகத்தில் வந்து நின்றார்.

“ஒத்தக் கண்ணோட ஏணி ஏறுவியாலே?”

“ஏறுவேன்.”

“முன்ன எங்கன வேலை?”

“புதுப்பட்டில. மருந்து கலக்குனேன்.”

அவர் முகம் மலர்ந்தது. கலக்குகிற ஆள் இந்தச் சீசனில் கிடைப்பது கஷ்டம், பக்கத்திலேயே அவர்கள் கம்பெனி இருக்கிறது, இதைவிடக் கூலி கூட, இன்றைக்கே உள்ளே உட்காரலாம் என்றார். நான் வேண்டாம், லோடு ஏற்றுகிறேன் என்றேன். கிறுக்குப் பய என்று சொல்லிவிட்டு ஏணியைக் காட்டினார். ஒரு பெட்டியைத் தலையில் வைத்தார்கள். படி எங்கே இருக்கிறது என்று ஒரு கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. காலால் தடவித் தடவி முதல் படியில் ஏறினேன்.